பனி விழும் மலையில் ஒரு சென்ட் தோட்டம்: புதிதாகக் குடிவந்த குடும்பங்களுக்கு

சமவெளியில் தோட்டம் போட்டுப் பழகியவர்கள் மலைக்கு வந்ததும் முதலில் கைவிட வேண்டியது ஆடிப்பட்டத்தை. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது கோவைக்கும் ஈரோட்டுக்கும் சரி. ஊட்டியில் ஆடி என்றால் தென்மேற்குப் பருவமழை, காற்று, நாள் முழுக்க மேகமூட்டம். அந்த வாரங்களில் தூவிய விதையில் பாதி அழுகும், மீதியை நத்தை தின்னும். மலை விவசாயிகளின் கணக்கு வேறு. ஜனவரி, பிப்ரவரியில் பாசனத்தை நம்பிப் போடுவது நீர்போகம். மார்ச், ஏப்ரலில் கோடைமழையை எதிர்பார்த்துப் போடுவது கார்போகம். ஆகஸ்ட், செப்டம்பரில் போடுவது கடைபோகம். வீட்டுத் தோட்டத்துக்கும் இந்த மூன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டுரை உதகை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பகுதிகளில் வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 435 சதுர அடி, காலி இடம் வைத்திருக்கும் குடும்பத்துக்காக எழுதப்பட்டது. பெரியவர்கள் இருவர், பிள்ளைகள், தாத்தாவோ பாட்டியோ ஒருவர் என்று ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் சேர்ந்து வேலை செய்தால் இந்த இடத்தைத் தாராளமாகப் பராமரிக்கலாம். முதல் வருடமே அரை ஏக்கருக்கு ஆசைப்பட வேண்டாம்.

மழை எந்தப் பக்கம், பனி எந்தப் பள்ளம்

ஒரே மாவட்டமாக இருந்தாலும் மழை ஒன்றல்ல. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, எமரால்டு பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கு மழை கொட்டும். கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூரும் கோத்தகிரியும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையில்தான் அதிகம் நனையும். ஊட்டி நகரத்துக்கு இரண்டிலும் பங்கு உண்டு. கொடைக்கானலிலும் அக்டோபர், நவம்பர்தான் பெருமழைக் காலம். ஆகவே ஊட்டியில் இருக்கும் நண்பர் சொன்ன தேதியைக் கோத்தகிரியில் அப்படியே பின்பற்றினால் பயிர் தவறும். பக்கத்துத் தோட்டக்காரர் எப்போது மண்ணைக் கொத்துகிறார் என்று பாருங்கள். அதைவிட நல்ல நாட்காட்டி கிடையாது.

உயரமும் முக்கியம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர், குன்னூர் சுமார் 1,850 மீட்டர். ஊட்டியில் 110 நாளில் வரும் பயிர் குன்னூரில் சில நாள் முந்தியே வரும். தக்காளி, மிளகாய் ஆகியவை குன்னூரில் சுமாராகக் காய்க்கும். ஊட்டியில் பாலித்தீன் குடில் இல்லாமல் அவற்றை நம்ப முடியாது.

அடுத்தது உறைபனி. இதைப் புரிந்துகொள்ளாமல் எதையும் நட வேண்டாம். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு இழக்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீரைப்போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஊட்டியில் குதிரைப் பந்தய மைதானம், காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்கள் வெள்ளையாகும்போது, இருநூறு அடி மேலே இருக்கும் வீட்டுத் தோட்டம் பச்சையாகவே இருக்கும். அக்டோபர் கடைசியில் நீர்ப்பனியாகத் தொடங்கி, டிசம்பர், ஜனவரியில் உறைபனியாகக் கடுமையாகி, பிப்ரவரி பாதியில் விடும். வடகிழக்கு மழை நீண்டால் பனி தள்ளிப்போகும்.

உங்கள் தோட்டத்தில் எங்கே பனி தேங்குகிறது என்று கண்டுபிடிக்க ஒரு குளிர்காலம் முழுக்கக் காத்திருக்கத் தேவையில்லை. தெளிவான டிசம்பர் இரவில் தோட்டத்தின் நான்கைந்து இடங்களில் தண்ணீர் ஊற்றிய தட்டுகளைத் தரையில் வையுங்கள். விடியும்போது பிள்ளைகளை எழுப்பி, எந்தத் தட்டில் ஏடு கட்டியிருக்கிறது என்று பார்த்துக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். ஏடு கட்டிய இடத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பீன்ஸ், உருளை, டாலியா எதுவும் இருக்கக் கூடாது. தோட்டத்தின் கீழ் ஓரத்தில் சுவரோ அடர்ந்த வேலியோ இருந்தால் குளிர்காற்று வெளியேற முடியாமல் அங்கேயே நிற்கும். அடிப்பகுதியில் இரண்டடி இடைவெளி விட்டாலே வித்தியாசம் தெரியும்.

தெர்மாமீட்டர் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நான்கடி உயரத்தில் மாட்டிய கருவி 4 டிகிரி காட்டும் இரவில் புல்தரையில் பூஜ்யம் இருக்கலாம். 5 டிகிரிக்குக் கீழே போனாலே மூடாக்குப் போடத் தயாராகுங்கள்.

மூடுவதற்குச் சணல் சாக்கு, பழைய வேட்டி, வைக்கோல் எதுவும் ஆகும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மிலார் என்ற செடியின் கிளைகளைக் கொண்டு செடிகளை மூடுவதைக் குளிர்காலத்தில் பார்க்கலாம். பாத்தியின் நான்கு மூலையிலும் குச்சி நட்டு, துணி இலையைத் தொடாதபடி மாலை ஐந்து மணிக்குள் மூடுங்கள். பகலில் மண் வாங்கிய சூடு உள்ளேயே தங்குவதற்குத்தான் மூடுகிறோம். இருட்டிய பின் மூடினால் பாதிப் பலன்தான். பிளாஸ்டிக் தாள் இலையில் ஒட்டினால் ஒட்டிய இடமெல்லாம் கருகும். காலை எட்டு, ஒன்பது மணிக்கு எடுத்துவிட வேண்டும். மறந்தால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை வரும். மூடத் தவறி இலையில் பனி உறைந்துவிட்டால், வெயில் படுவதற்கு முன் பூவாளியால் தண்ணீர் தெளித்துக் கரையுங்கள். உறைந்த இலைமேல் சட்டென வெயில் விழும்போதுதான் சேதம் அதிகம். கிழக்கு பார்த்த பாத்திகள் மேற்கு பார்த்தவற்றைவிட அதிகம் கருகுவது இதனால்தான். கருகிய நுனிகளை உடனே வெட்டாதீர்கள். பிப்ரவரி முடியும் வரை அவையே கீழே இருக்கும் மொட்டுக்குப் பாதுகாப்பு.

புளித்த மண்ணைச் சரிசெய்தல்

மலை மண் பார்க்கக் கறுப்பாக, பொலபொலவென்று அழகாக இருக்கும். அதை நம்பி நட்டால் முட்டைகோஸ் கைப்பிடி அளவில் நின்றுவிடும். காரணம் அமிலத்தன்மை. பல நூற்றாண்டு மழை சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போயிருக்கிறது. கார அமில நிலை (pH) 4.5 முதல் 5.5 வரை இருப்பது இங்கே சாதாரணம். இந்த நிலையில் மண்ணிலுள்ள அலுமினியமும் இரும்பும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் போடும் உரம் வேருக்குப் போகாது.

மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் முறை: தோட்டத்தில் எட்டு, பத்து இடங்களில் மேல் குப்பையை விலக்கி, ‘V’ வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, வெட்டிய சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரு சீவல் மண் எடுங்கள். எல்லாவற்றையும் நிழலில் உலர்த்திக் கலந்து, நான்கு பங்காக்கி, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிடுங்கள். அரை கிலோ மிஞ்சும் வரை இதைத் திரும்பச் செய்து துணிப்பையில் போட்டுக் கொடுங்கள். எருக்குழி, வேலியோரம், நேற்று சுண்ணாம்பு போட்ட இடம் ஆகியவற்றில் எடுக்கக் கூடாது. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ, உதகையிலும் கொடைக்கானலிலும் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்களிலோ விசாரியுங்கள்.

பரிசோதனையில் கார அமில நிலை 5-க்கு அருகில் வந்தால், நான்கடி அகலம் பத்தடி நீளமுள்ள ஒரு பாத்திக்கு ஒரு கிலோ டோலமைட் போதும். தேயிலைத் தோட்டங்களுக்கு உரம் விற்கும் கடைகளில் கிடைக்கும். சுண்ணாம்புச் சத்தோடு மெக்னீசியமும் இருப்பதால் வெறும் சுண்ணாம்பைவிட இதுவே மேல். நடவுக்கு மூன்று வாரம் முன் தூவி, ஆறங்குல ஆழத்துக்குக் கொத்திக் கலக்க வேண்டும். மேலே தூவிவிட்டு மழை பார்த்துக்கொள்ளும் என்று விட்டால் அது ஓடையில்தான் சேரும். சாணத்தோடு ஒரே நாளில் போடாதீர்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

எல்லாப் பாத்திக்கும் டோலமைட் போடக் கூடாது என்பதும் முக்கியம். உருளைக்கிழங்குப் பாத்திக்குப் போட்டால் கிழங்கின் தோலில் சொறி வரும். ஸ்ட்ராபெர்ரி, அசேலியா, கமேலியா மூன்றும் அமில மண்ணையே விரும்புபவை. ஹைட்ரேஞ்சியாவுக்குப் போட்டால் நீலப் பூ இளஞ்சிவப்பாகும். அமில மண்ணில் கரையும் அலுமினியம்தான் அந்த நீலத்தைத் தருகிறது. இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினால் ஒரே தாய்ச்செடியின் இரண்டு கிளைகளை இரண்டு தொட்டியில் வேர்விடச் செய்து, ஒன்றில் மட்டும் மாதம் ஒரு கைப்பிடி டோலமைட் போட்டு வாருங்கள். அடுத்த பூப்பருவத்தில் இரண்டும் இரண்டு நிறம் காட்டும்.

மணிச்சத்துக்கு ராக் பாஸ்பேட் பாத்திக்கு 200 கிராம். அமில மண்ணில் இது மெதுவாகக் கரைந்து பலன் தரும். இதையும் டோலமைட்டோடு சேர்த்துப் போடாமல் நடவின்போது போடுங்கள். நன்கு மக்கிய தொழு உரம் பாத்திக்குப் பத்து கிலோ. இவை தவிர முட்டைகோஸ், காலிஃபிளவர், பீட்ரூட் போடும் பாத்திக்குப் போராக்ஸ் ஐந்து கிராம் மட்டும், மணலில் கலந்து, வருடம் ஒரு முறை. போரான் குறைந்தால் காலிஃபிளவர் தண்டு உள்ளே பழுப்பாகிப் பொந்தாகும். அதிகமானால் செடியே சாகும், ஆகவே தராசு இல்லாமல் போடாதீர்கள்.

எருக்குழி விஷயத்தில் சமவெளிப் பழக்கம் இங்கே உதவாது. குழி வெட்டினால் மழையில் தண்ணீர் தேங்கி நாறும். தரைமேல் மூன்றடிக்கு மூன்றடி மரச்சட்டத்தில் குவியலாகப் போட்டு, மேலே கறுப்புத் தார்ப்பாய் மூடுங்கள். ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை. சமவெளியில் மூன்று மாதத்தில் மக்குவது இங்கே குளிரால் ஐந்தாறு மாதம் எடுக்கும். யூகலிப்டஸ், சைப்ரஸ் இலைகளைத் தவிர்த்துவிடுங்கள். எண்ணெய்ப் பண்டம், மீன் கழிவு போட்டால் கரடியும் காட்டுப்பன்றியும் வந்து சேரும்.

பாத்தி

சரிவுக்குக் குறுக்கே, நான்கடி அகலம், பத்தடி நீளம், அரையடி உயரம். சரிவு நெடுக பாத்தி போட்டால் முதல் பெருமழையிலேயே மேல்மண் போய்விடும். பாத்திகளுக்கு இடையே ஒன்றரையடி வாய்க்கால். அது பாதையாகவும் இருக்கும், தண்ணீரையும் வடிக்கும். வாய்க்கால் முழு மட்டமாக இருக்கக் கூடாது. நூறு அடிக்கு ஓரடி என்ற சிறு சாய்வு போதும். படிக்கட்டாக வெட்டிய நிலமாக இருந்தால் ஒவ்வொரு படியும் மலைப்பக்கமாக லேசாக உள்ளே சாய்ந்து, உள்விளிம்பில் வடிகால் ஓட வேண்டும். வெளிப்பக்கம் சாய்ந்த படி மழையில் சரியும். விளிம்பில் வெட்டிவேர் நட்டால் மண் பிடிக்கும். இடத்தைச் சமப்படுத்தச் சரிவை வெட்டுவது இந்த மலையில் வேண்டவே வேண்டாம். நீலகிரியில் பொக்லைன் இயக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி கேட்பது சும்மா இல்லை. வெட்டிய சரிவுக்கு மேலே இருக்கும் வீடுகளின் பாதுகாப்பு அதில் அடங்கியிருக்கிறது.

ஒரு சென்ட்டில் இப்படி ஆறு பாத்தி வரும். ஒன்று உருளை, ஒன்று கேரட்டும் பீட்ரூட்டும், ஒன்று முட்டைகோஸ் வகை, ஒன்று பீன்ஸும் பட்டாணியும், ஒன்று பூண்டும் கீரையும், ஒன்று பூ. ஒவ்வொரு வருடமும் ஒரு பாத்தி தள்ளிச் சுழற்றுங்கள்.

ஜனவரி, பிப்ரவரி: கவாத்தும் தயாரிப்பும்

பனி இருந்தாலும் இதுதான் வேலை மிகுந்த காலம். ரோஜாவுக்கு ஜனவரியில் கவாத்து. காய்ந்த, பென்சிலைவிட மெல்லிய, உள்பக்கம் வளர்ந்த கிளைகளை அடியோடு எடுத்து, மீதியில் மூன்று நான்கு நல்ல கிளைகளை ஒன்றரையடி உயரத்தில், வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். வெட்டிய முனையில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த பூஞ்சைத் தடுப்பு) தடவாவிட்டால் ஈரத்தில் நுனியிலிருந்து கருகிக்கொண்டே இறங்கும். ஊட்டி ரோஜா பூங்காவிலும் ஜனவரியில் கவாத்து செய்துதான் ஏப்ரல், மே பூவுக்குத் தயார் செய்கிறார்கள். ஹைட்ரேஞ்சியாவை மட்டும் இப்போது தொடாதீர்கள். அது சென்ற வருடக் கிளையில் பூப்பது. இப்போது வெட்டினால் இந்த வருடம் இலை மட்டும்தான். அதைப் பூ முடிந்த செப்டம்பரில் வெட்ட வேண்டும்.

மே மாதம் பூக்க வேண்டிய பூக்களுக்கு நாற்று விடுவதும் இப்போதே. சால்வியா, பெட்டுனியா, பான்சி விதைகளை வீட்டுக்குள் ஜன்னலோரம் தட்டில் தூவுங்கள். பெட்டுனியா விதை தூசி மாதிரி நுண்ணியது. மண் மூடக் கூடாது. தூவிவிட்டுக் கையால் அழுத்தி, மேலே கண்ணாடி வைத்தால் போதும்.

மார்ச் முதல் மே வரை: உருளை, கேரட், பீன்ஸ்

உருளைக்கு ஒரு பாத்திக்கு 40 விதைக்கிழங்கு, ஏறக்குறைய இரண்டு கிலோ. ஒவ்வொன்றும் 40 முதல் 50 கிராம். முளை அரை அங்குலம், தடித்து, பச்சையாக இருக்க வேண்டும். வெள்ளையாக நீண்ட முளை இருட்டில் வளர்ந்தது, நடும்போதே உடையும். வரிசைக்கு 45 செ.மீ., கிழங்குக்குக் கிழங்கு 20 செ.மீ. ஒரு மாதத்தில் ஒரு முறை, இரண்டு மாதத்தில் ஒரு முறை மண் அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் கிழங்கு வெளியே தெரிந்து பச்சையாகும். பச்சையானதைச் சமைக்கக் கூடாது, அதில் சொலனின் என்ற நஞ்சு சேர்ந்திருக்கும்.

உருளைக்கு இங்கே இரண்டு எதிரிகள். ஒன்று முட்டைக்கூடு நூற்புழு. இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரியில், 1961-ல். செடி காரணமில்லாமல் குட்டையாக, மஞ்சளாக நின்றால் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். குண்டூசித் தலையளவில் வெள்ளையாகவோ பொன்னிறமாகவோ மணிகள் ஒட்டியிருந்தால் அதுதான். மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். மருந்தை நம்புவதைவிட மூன்று நான்கு வருடம் அந்தப் பாத்தியில் உருளையும் தக்காளியும் போடாமல் கேரட், முட்டைகோஸ், பூண்டு என்று மாற்றுவதே வழி. ஊட்டி அருகே முத்தோரையில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த குஃப்ரி ஸ்வர்ணா இந்தப் புழுவைத் தாங்கும் ரகம். இன்னொரு தோட்டத்து மண்வெட்டியைக் கழுவாமல் கொண்டுவராதீர்கள். இங்கிருந்து விதைக்கிழங்கை மலைக்கு வெளியே கொண்டுபோகத் தடை இருப்பதால் சமவெளி உறவினர்களுக்கு விதைக்காகக் கொடுத்தனுப்பவும் வேண்டாம்.

இரண்டாவது எதிரி இலைக்கருகல். இரண்டு நாள் தொடர்ந்து மூடுபனியும் தூறலுமாக இருந்தால் இலை ஓரத்தில் வெந்நீர் பட்டதுபோல் கரும்புள்ளி, அடிப்பக்கம் வெள்ளைப் பூஞ்சை. ஒரு வாரத்தில் பாத்தியே கறுத்துவிடும். வந்தபின் போர்டோ கலவை அடித்துப் பயனில்லை, வரும் முன் அடிக்க வேண்டும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராமை ஐந்து லிட்டர் தண்ணீரில், பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். இன்னொரு வாளியில் 100 கிராம் சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி ஐந்து லிட்டராக்கி ஆறவிடுங்கள். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக்கொண்டே கலக்க வேண்டும். பளபளப்பான இரும்பு ஆணியை ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிவு சேருங்கள், இல்லாவிட்டால் இலை வேகும். அன்றே அடித்து முடித்துவிட வேண்டும். சுண்ணாம்பு கொதிக்கும்போது பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது.

கேரட்டில் புதியவர்கள் தோற்பது முளைக்கும் முன்தான். இந்தக் குளிரில் முளைக்க இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம் ஆகும். அதுவரை மேல் அரை அங்குல மண் ஒரு நாள்கூடக் காயக் கூடாது. பாத்திக்கு இரண்டு கிராம் விதையை ஒரு டம்ளர் மணலில் கலந்து, 25 செ.மீ. இடைவெளியில் போட்ட கோடுகளில் தூவி, ஒரு செ.மீ. மண்ணால் மூடி, நனைத்த சாக்கை விரியுங்கள். எட்டாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பாருங்கள். முதல் முளை தெரிந்ததும் சாக்கை எடுத்துவிட வேண்டும், ஒரு நாள் தாமதித்தாலும் முளை வெளுத்துச் சாயும். நான்கைந்து வாரத்தில் செடிக்குச் செடி இரண்டு அங்குலம் இருக்கும்படி மிகுதிச் செடிகளைப் பிடுங்கிக் கலைத்துவிடுங்கள். மனம் வராமல் விட்டால் விரல் பருமன்கூட வராது. பிடுங்கிய இளங்கேரட்டை இலையோடு பருப்பில் போடலாம், வீணாகாது. கேரட் இரண்டாகப் பிளந்து வளர்ந்தால் காரணம் கல், அல்லது மக்காத சாணம். நெடுக வெடித்தால் மண் காய்ந்து பின் திடீரென்று நனைந்திருக்கிறது. நூறு முதல் 110 நாளில் எடுக்கலாம். பீட்ரூட்டுக்கும் ஏறக்குறைய இதே வேலைதான், ஒரே விதையில் இரண்டு மூன்று முளை வருவதால் கலைப்பது இன்னும் கட்டாயம்.

பீன்ஸைப் பனி முழுதாக விட்டபின் போடுங்கள். குளிர்ந்த ஈரமண்ணில் விதை அழுகும். ஒரு அங்குல ஆழம், ஏழடிக் கம்பு. பட்டாணியும் இதே சமயம்.

முட்டைகோஸ் வகைக்கு 30 முதல் 40 நாள் நாற்று, 45 செ.மீ. இடைவெளி. பகலில் வாடி, மாலையில் நிமிரும் செடியைப் பிடுங்கினால் வேர் விரல் விரலாக வீங்கியிருக்கும். அது வேர்முடிச்சு நோய், அமில மண்ணில் வருவது. டோலமைட்டைத் தவிர்த்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். வீங்கிய வேரை எருக்குவியலில் போடாமல் எரித்துவிடுங்கள்.

மே மாதத்தில் தோட்டம் பூத்திருக்கும்போது குடும்பத்தோடு ஒரு நாள் ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கோ (1848), குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கோ (1874), கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவுக்கோ (1908) போய்வாருங்கள். மலர்க் கண்காட்சிக் கூட்டம் முடிந்தபின் போவது நல்லது. உங்கள் உயரத்தில் என்ன பூக்கிறது, எந்த வெயிலில் வைத்திருக்கிறார்கள் என்று பெயரோடு எழுதிக்கொண்டு வந்தால், நர்சரியில் கண்ணைப் பறிக்கும் எதையாவது வாங்கி ஏமாற மாட்டீர்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: மழைக்கு இடையில்

மழை ஓயும் வரை புதிதாக விதைக்காதீர்கள், பூண்டைத் தவிர. ஜூன், ஜூலையில் பூண்டுப் பற்களைக் கூர்முனை மேலே இருக்கும்படி ஓரங்குல ஆழத்தில், 15-க்கு 10 செ.மீ. இடைவெளியில் ஊன்றுங்கள். வடிகால் நன்றாக இருக்கும் பாத்தியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு 2019-ல் கிடைத்தது. அதன் காரமும் மணமும் வீட்டில் விளைந்ததில் இன்னும் தெரியும்.

நத்தைக்குச் சாம்பல் வளையம் போடச் சொல்வார்கள். முதல் தூறலில் அது கரைந்துவிடும். மாலையில் ஈரச்சாக்கையும் பழைய பலகைகளையும் பாத்தியோரம் போட்டு, காலையில் புரட்டினால் அடியில் கூட்டமாக இருக்கும். உப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிடுங்கள். உப்பை நேரே மண்ணில் தூவக் கூடாது.

மழைநாளில் வேலை குறைவு என்பதால் மழை அளப்பதைப் பிள்ளைகளிடம் விடுங்கள். நேரான பக்கமுள்ள டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, தினம் காலை எட்டரைக்கு அளவுகோலால் மில்லிமீட்டர் பார்த்து எழுத வேண்டும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். 500 சதுர அடி ஓட்டுக்கூரையில் 20 மி.மீ. பெய்தால் தொள்ளாயிரம் லிட்டர் வரும். பிப்ரவரி, மார்ச் வறட்சியில் அந்தத் தொட்டிதான் நீர்போகத்தைக் காப்பாற்றும்.

ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரம் மழை ஓய்ந்ததும் கடைபோகம். கேரட், பீட்ரூட், முட்டைகோஸ், நூக்கோல். பனிக்கு முன் எடுக்க வேண்டும் என்பதால் செப்டம்பர் பாதிக்கு மேல் உருளை போடாதீர்கள். இந்தச் சமயத்தில்தான் வாலை ஆட்டிக்கொண்டு சாம்பல் வாலாட்டிக் குருவி வந்து சேரும். வாய்க்கால் ஓரத்தில் பூச்சி பொறுக்கும். ஏப்ரல் வரை இருக்கும். அது வந்த தேதியை வருடா வருடம் எழுதிவையுங்கள்.

வேலியும் விலங்கும்

வேலியோரத்தில் தவிட்டுப்பழம், ஊசிக்கலா நடுங்கள். மண்ணின் செடிகள், உரம் கேட்காதவை. பழுக்கும்போது சின்னான், வெள்ளைக்கண்ணிப் பறவைகள் வரும், அதிர்ஷ்டமிருந்தால் சோலையை ஒட்டிய வீடுகளுக்கு நீலகிரி சிரிப்பானும் வரும். உண்ணிச்செடி, ஸ்காட்ச் புரூம், கோர்ஸ் இவற்றை அழகுக்காகக்கூட வைக்க வேண்டாம். புல்வெளியையும் சோலையோரத்தையும் விழுங்கிக்கொண்டிருப்பவை இவைதான். கேலா லில்லியை ஓடைக்கரையில் எறிந்தால் சதுப்பு முழுக்கப் பரவும். மணி மணியாகப் பூக்கள் தலைகீழாகத் தொங்கும் மர ஊமத்தையின் முழுச் செடியும் நஞ்சு, சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இருக்கவே கூடாது. குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. செடியைத் தோண்டி வீட்டுக்குக் கொண்டுவராமல் மலைச்சரிவில் போய்ப் பாருங்கள்.

காட்டெருமை வந்தால் விரட்டக் கூடாது. கல் எறிவது, நாயை ஏவுவது, முகத்தில் டார்ச் அடிப்பது மூன்றும் ஆபத்து. எல்லோரும் வீட்டுக்குள் வந்து, அது போக ஒரு வழி திறந்திருக்கும்படி கேட்டை விட்டு, வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டு மின்சாரத்தை வேலியில் இணைப்பது குற்றம், மனிதரையும் கொல்லும். விடியலிலும் இருட்டிய பிறகும் பிள்ளைகள் தனியாகத் தோட்டத்துக்குப் போகக் கூடாது என்பதை வீட்டு விதியாக்குங்கள்.

பழமரம் ஒன்று

ஆறு பாத்தி போக ஓரத்தில் இடமிருந்தால் ஒரு பிளம்ஸ். 1,500 மீட்டருக்குக் கீழே அதற்குக் குளிர் போதாது. அங்கே பட்டர் ஃபுரூட்டும் தாட்பூட் பழமும் வையுங்கள். ஜூன், ஜூலையில் இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழக் குழியில், பத்து கிலோ தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து ஒட்டுச்செடியை நடுங்கள். ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு நான்கு விரல் மேலே நிற்க வேண்டும். புதைந்தால் அழுகும், அல்லது மேல்கிளை வேர்விட்டு ஒட்டின் பயன் போகும். கீழே பனி தேங்கும் பள்ளத்தில் வைத்தால் ஜனவரி, பிப்ரவரியில் வரும் பூ கருகி, மரம் நன்றாக இருந்தும் காய் இருக்காது. டிசம்பரில் இலை முழுதும் உதிர்ந்தபின் கவாத்து. முதல் வருடம் நடுத்தண்டை இரண்டரையடியில் வெட்டி, நான்கு திசைக்கு நான்கு கிளை விடுங்கள். அடுத்தடுத்த வருடங்களில் நடுவில் வெளிச்சம் விழும்படி உள்நோக்கி வளரும் கிளைகளை மட்டும் எடுத்தால் போதும். மே, ஜூனில் பழம் நிறம் மாறத் தொடங்கியதும் பழைய கொசுவலையால் கிளைகளை மூடுங்கள், மரம் முழுக்க மூட வேண்டாம். கைக்கெட்டும் கிளைகள் வீட்டுக்கு, உச்சிக்கிளை சின்னான்களுக்கு.